40 வயதுக்குப் பிறகு ஐவிஎஃப்: கருவை டெஸ்ட் செய்து வைத்தவர்கள், அப்படியே வைத்தவர்கள்

40 வயதைத் தாண்டி ஐவிஎஃப் (ஆய்வகத்தில் கருவை உருவாக்கிக் கருப்பைக்குள் வைக்கும் சிகிச்சை) போகிற நாம் எல்லோரும் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியைச் சந்திக்கிறோம்: "கருவை டெஸ்ட் பண்ணிட்டு வைக்கலாமா, அப்படியே வைக்கலாமா?" டெஸ்டின் பெயர் பிஜிடி-ஏ. கருவில் குரோமோசோம் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று கருப்பைக்குள் வைப்பதற்கு முன்பே பார்த்துவிடுவது. நான் செய்துகொண்டவள். எல்லோரும் செய்யுங்கள் என்று சொல்ல வரவில்லை. இது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது எனக்குப் புரியவே ரொம்ப நாள் ஆனது. புரிந்த மட்டும் எழுதுகிறேன், உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

நான் டெஸ்டுக்குப் போனதற்குக் காரணம் கருச்சிதைவுகள். கர்ப்பத்தைக் காட்டும் பீட்டா எச்சிஜி ஹார்மோன் ஏறும், ஸ்கேனில் பை தெரியும், அப்புறம் இதயத் துடிப்பு இல்லை என்பார்கள். கடைசியாகக் கலைந்தபோது அந்தத் திசுவைச் சோதனைக்கு அனுப்பினோம். 16-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருந்ததாக வந்தது. ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் அதிகம் காணப்படும் டிரைசோமி இதுதானாம், முழுமையாக இருந்தால் அந்தக் கரு பிழைக்கவே பிழைக்காதாம். மாடிப்படி ஏறினதாலா, வண்டியில் போனதாலா என்று மாதக்கணக்கில் என்னையே குடைந்துகொண்டிருந்தேன். அந்த ஒரு காகிதம் அதை நிறுத்தியது.

வயது ஏன் இப்படி விளையாடுகிறது என்று டாக்டர் அன்றைக்குத்தான் விளக்கினார். ஆணுக்கு விந்தணு புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும். நமக்கு முட்டைகள் எல்லாம் நாம் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்த நிலையில், பாதிப் பிரிவில் நின்று, வருஷக்கணக்காகக் காத்திருக்கின்றன. அந்த ஜோடிகளைப் பிடித்துவைத்திருக்கும் கோஹீசின் என்ற புரதம் வயதாக ஆகத் தளர்ந்துபோகிறது. முட்டை முதிரும் நேரத்தில் பிரிய வேண்டியது பிரியாமலும், பிரியக்கூடாதது முன்னாடியே பிரிந்தும் போகிறது. ஏஎம்எச் என்ற இரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறதே என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஏஎம்எச் எத்தனை முட்டை மிச்சம் என்றுதான் சொல்லும், அவை எப்படிப்பட்டவை என்று சொல்லாது. 15,169 கருக்களின் சோதனை முடிவுகளைத் தொகுத்து 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. குரோமோசோம் கோளாறு மிகக் குறைவாக இருந்தது 20-களின் பிற்பகுதியில். 42 வயதில் நான்கில் மூன்று கருக்கள் கோளாறானவை. 44-இல் பத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்பது.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு எக் பிக்கப்புக்கு, அதாவது முட்டை எடுக்க, போவது நல்லது. ஏனென்றால் அதற்குப் பிறகு தினமும் ஆய்வகத்திலிருந்து போன் வரும், ஒவ்வொரு போனிலும் எண்ணிக்கை குறையும். எடுத்த முட்டையில் முதிர்ந்தது இத்தனை. அதில் கருவானது இத்தனை. மூன்றாம் நாள் பிரிந்துகொண்டிருப்பது இத்தனை. ஐந்தாம், ஆறாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட், அதாவது கருப்பையில் ஒட்டத் தயாரான நிலைக்கு வளர்ந்த கரு, ஆனது இத்தனை. போன் அடித்தால் எடுக்காமல் என் கணவரிடம் நீட்டிவிடுவேன். அவர் "ம்... சரி... ம்..." என்று சொல்வதை வைத்தே எண்ணிக்கையைக் கண்டுபிடித்துவிடுவேன். பிளாஸ்டோசிஸ்ட் ஆனவற்றிலிருந்து சில செல்களை எடுத்துக்கொண்டு கருக்களை உறைய வைத்துவிடுவார்கள். ரிப்போர்ட் வரும்வரை காத்திருப்பு. மொத்தச் சிகிச்சையிலும் செய்வதற்கு எதுவுமே இல்லாத நாட்கள் அவைதான்.

ரிப்போர்ட்டில் கரு ஒன்றுக்கு ஒரு வரைபடம். குரோமோசோம் 1 முதல் 22 வரை கீழே வரிசையாக எழுதி, நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேலேயே புள்ளிகள் ஒட்டிக்கொண்டு போனால் நார்மல், அதாவது யூப்ளாய்டு. ஓரிடத்தில் புள்ளிக்கூட்டம் மேலே துள்ளினால் அந்தக் குரோமோசோம் ஒன்று கூடுதல், கீழே விழுந்தால் ஒன்று குறைவு. பாலினக் குரோமோசோம் பகுதியை மறைத்துத்தான் கொடுத்தார்கள். எனக்கு ஒன்றே ஒன்று நார்மல். பார்வைக்கு மிக அழகாக இருக்கிறது, முதல் கிரேடு என்று கருவை வளர்க்கும் ஆய்வக நிபுணரான எம்பிரியாலஜிஸ்ட் பாராட்டிய கருவில் இரண்டு குரோமோசோம் கோளாறு இருந்தது. சுமார் ரகம் என்று கடைசியில் போட்டிருந்ததுதான் நார்மல். டெஸ்ட் செய்யாமல் இருந்திருந்தால் அந்த அழகான கருவைத்தான் முதலில் வைத்திருப்பார்கள். அது ஒட்டாமல் போயிருக்கலாம், ஒட்டி எட்டாவது வாரம் கலைந்திருக்கலாம். கலைந்தால் சுத்தம் செய்து, மாதவிடாய் திரும்பி, மறுபடி ஆரம்பிக்க எத்தனை மாதம் ஆகும் என்று நம்மில் பலருக்கும் தெரியும்.

என்னைப் பொறுத்தவரை இந்த டெஸ்டின் முழுப் பயன் இவ்வளவுதான். கெட்ட கருவை இது நல்லதாக்காது. இருப்பதில் எது தேறாது என்று முன்னாடியே சொல்லும். வயதான நமக்கு மிச்சப்படுவது காலமும் மனமும்.

"டெஸ்ட் செய்தால் சக்சஸ் ரேட் கூடும்" என்று சில இடங்களில் விளம்பரமே செய்கிறார்கள். இங்கேதான் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். வெற்றி விகிதத்தை எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்று கேளுங்கள். டிரான்ஸ்ஃபர் செய்தவர்களை, அதாவது கரு வைத்தவர்களை, மட்டும் எண்ணினால் விகிதம் கூடத்தான் செய்யும். வைக்க ஒரு கருவும் தேறாமல் திரும்பிப் போனவர்கள் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. சிகிச்சையைத் தொடங்கிய எல்லோரையும் எண்ணினால் கதை வேறு.

ஆய்வுகளும் அப்படித்தான் சொல்கின்றன. 2007-இல் 35 முதல் 41 வயதுப் பெண்கள் 408 பேரை வைத்து நடந்த சோதனையில், டெஸ்ட் செய்தவர்களுக்குக் குழந்தை பிறந்தது 24 சதவீதம், செய்யாதவர்களுக்கு 35 சதவீதம். டெஸ்ட் செய்தது கெடுதலாக முடிந்தது! அது பழைய முறை. மூன்றாம் நாள் கருவிலிருந்து ஒரு செல்லை எடுத்து, சில குரோமோசோம்களை மட்டும் பார்ப்பது. இப்போதைய முறையில், ஐந்தாம் நாள் கருவில், எல்லாக் குரோமோசோமையும் பார்த்து 2019-இல் வெளிவந்த ஆய்வில் 25 முதல் 40 வயது வரையானவர்கள். ஒரு டிரான்ஸ்ஃபருக்கு 20 வாரத்தைத் தாண்டிய கர்ப்பம் டெஸ்ட் செய்தவர்களுக்கு 50 சதவீதம், செய்யாதவர்களுக்கு 46 சதவீதம், பெரிய வித்தியாசம் இல்லை. அதிலேயே 35-க்கு மேற்பட்டவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது டெஸ்ட் செய்தவர்கள் பக்கம் கொஞ்சம் நன்றாக இருந்தது. ஆனால் அது முடிவு தெரிந்த பிறகு பிரித்துப் பார்த்தது. 2021-இல் சீனாவில் 1,212 பெண்களை வைத்து நடந்ததில் எல்லோருமே 37 வயதுக்கு உட்பட்டவர்கள், ஒவ்வொருவருக்கும் குறைந்தது மூன்று நல்ல பிளாஸ்டோசிஸ்ட் இருந்தது. அங்கே டெஸ்டால் லாபம் இல்லை. ஆக, 42 வயதில் ஒன்றோ இரண்டோ கருவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பற்றி இந்தப் பெரிய ஆய்வுகள் நேரடியாக எதுவும் பேசவில்லை. நமக்குத்தான் இதை அதிகம் பரிந்துரைக்கிறார்கள் என்பது வேடிக்கை.

பிரிட்டனில் ஐவிஎஃப்பை ஒழுங்குபடுத்தும் எச்எஃப்இஏ என்ற அமைப்பு, கூடுதல் சிகிச்சைகளுக்கெல்லாம் நிறம் கொடுத்து வைத்திருக்கிறது. குழந்தை பிறக்கும் வாய்ப்பைக் கூட்டுமா என்பதில் பிஜிடி-ஏவுக்குப் பெரும்பாலோரைப் பொறுத்தவரை சிவப்பு. கருச்சிதைவைக் குறைக்குமா என்பதில் பச்சை. நான் பட்டதும் அதேதான்.

கடைசியில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அந்த ஒரே நார்மல் கரு ஒட்டவில்லை. பிறகு மறுபடி முட்டை எடுத்து, கரு சேர்த்து, டெஸ்ட் செய்து, அதில் கிடைத்ததில் என் மகன் பிறந்தான். அந்த இடைவெளியில் கருச்சிதைவு ஒன்றுகூட இல்லை. அதற்காகவே இன்னொரு முறை என்றாலும் செய்வேன்.

* * *

அக்கா, நான் செய்யாதவள், அதனால் என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஏஎம்எச் கிட்டத்தட்டத் தரையில். எவ்வளவு ஊசி போட்டாலும் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் முட்டை வரும். கடைசி முறை ஒரே ஒரு கரு, அதுவும் மூன்றாம் நாளில். ஐந்தாம் நாள் வரை வெளியே வளர்த்து, செல் எடுத்து, உறையவைத்து, உருக்கி வைக்கலாம் என்றார்கள். நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இருக்கிறதே ஒன்று. இது நார்மல் என்று வந்தால் வைப்பீர்கள். டெஸ்ட் செய்யாவிட்டாலும் இதைத்தானே வைப்பீர்கள்?" டாக்டர் சிரித்துவிட்டு, "நியாயம்தான்மா" என்றார். பல கருக்களில் எதை முதலில் வைப்பது என்று தேர்ந்தெடுக்கத்தான் டெஸ்ட். தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லாதவளுக்கு எதற்கு?

வைத்தார்கள், நெகட்டிவ். அழுதேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் டெஸ்ட் செய்திருந்தால் அந்தக் கரு ஐந்தாம் நாள் வரை போயிருக்குமா என்பதே சந்தேகம். "வைக்கவே இல்லை" என்பதைவிட "வைத்துப் பார்த்தோம்" என்பது எனக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது. உங்களைப் போலக் கருச்சிதைவு பார்த்திருந்தால் நானும் வேறு மாதிரி யோசித்திருப்பேனோ என்னவோ.

* * *

நான் கரு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உள்ளே என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் என்றால் சுமாராக நூறு, நூற்றைம்பது செல். அதில் ஓர் ஓரமாகக் கொத்தாக இருப்பதுதான் குழந்தையாக வளரும். சுற்றியிருக்கும் வெளிச்சுவர் நஞ்சுக்கொடியாகும். நாங்கள் தொடுவது வெளிச்சுவரை மட்டுமே. கருவை ஒரு கண்ணாடிக் குழலால் இழுத்துப் பிடித்து, குழந்தைக் கொத்து எதிர்ப்பக்கம் இருக்கும்படி திருப்பிக்கொள்வோம். கருவைச் சுற்றியிருக்கும் ஓட்டில் லேசரால் ஒரு சின்னத் துளை. அதன் வழியாக ஐந்தாறு செல்லை மெல்ல உறிஞ்சி இழுத்து, லேசரால் இரண்டு தட்டுத் தட்டிப் பிரித்துவிடுவோம். சில நிமிட வேலைதான். கரு ஒரு கணம் சுருங்கிப்போகும், பிறகு தானே விரியும்.

வெளியே இருப்பவர்கள் இதைத்தான் ஆபத்து என்று நினைக்கிறார்கள். எங்களுக்கு வியர்ப்பது அடுத்த கட்டத்தில். எடுத்த செல்களைக் குட்டி டியூபுக்குள் விட வேண்டும். கண்ணுக்குத் தெரியாது. உள்ளே விழுந்ததா, குழல் நுனியில் ஒட்டிக்கொண்டதா என்று நம்பிக்கையில்தான் அடுத்த டியூபுக்குப் போக வேண்டும். "ரிசல்ட் வரவில்லை" என்று சில கருவுக்கு வருகிறதே, அதற்குக் காரணம் பெரும்பாலும் இங்கே தவறிப்போனதோ, எடுத்த செல்லின் டிஎன்ஏ சிதைந்துபோனதோதான். அந்தக் கரு கெட்டது என்று அர்த்தம் இல்லை. உருக்கி மறுபடி செல் எடுக்கலாம், அல்லது சோதிக்காமலே வைக்கலாம். பெயரையும் எண்ணையும் ஒருவர் படிக்க, இன்னொருவர் சரிபார்க்காமல் ஒரு டியூபையும் மூடமாட்டோம். டெஸ்ட் செய்வதாக இருந்தால் பல இடங்களில் இக்ஸி முறையில் ஒரு விந்தணுவை நேராக முட்டைக்குள் செலுத்துவதும் இதனால்தான். ஓட்டில் ஒட்டியிருக்கும் வேறு விந்தணுக்களின் டிஎன்ஏ கலந்துவிடக்கூடாது.

இன்னொன்று. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுதான் இந்த டெஸ்டின் நம்பிக்கையே. பெரும்பாலான கருவுக்கு அது சரிதான். எல்லாச் செல்லும் ஒரே மாதிரி இருக்கும். சில கருவில் பாதி வெந்தும் பாதி வேகாமலும் இருக்கும், அதாவது சில செல் நார்மல், சில செல் இல்லை. அதைத்தான் மொசைக் என்கிறோம். எடுத்த செல்களில் கோளாறின் அளவு 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் நார்மல், 80-க்கு மேலே என்றால் கோளாறு, இடையில் மொசைக் என்பது பல ஆய்வகங்களின் வழக்கம். அந்த இடைப்பட்ட கருக்களைப் பற்றி எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் ஓயவில்லை.

* * *

மேலே மொசைக் என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் ரிப்போர்ட்டில் நார்மல் ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு கருவுக்குப் பக்கத்தில் "குறைந்த அளவு மொசைக்". அந்த மருத்துவமனையில், நாங்கள் மொசைக் வைப்பதில்லை, அழித்துவிடலாம் என்று சொல்லிக் கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டினார்கள். கையெழுத்துப் போடவில்லை. கருவை வேறு இடத்துக்கு மாற்றினோம். நைட்ரஜன் தொட்டியில் வைத்து, ஆயிரத்தெட்டு படிவம் பூர்த்தி செய்து, பெரிய அலைச்சல். புது இடத்தில் முதலில் ஜெனடிக் கவுன்சிலரிடம் உட்கார வைத்தார்கள். எந்தக் குரோமோசோம், எவ்வளவு சதவீதம், அந்தக் குரோமோசோமில் கோளாறு இருந்து குழந்தை பிறந்தால் என்ன பிரச்சினை வரலாம், எல்லாம் பேசினார். 2015-இல் இத்தாலியிலிருந்து வந்த ஒரு சின்ன ஆய்வைக் காட்டினார். மொசைக் கரு வைத்துக்கொண்ட 18 பெண்களில் 6 பேருக்கு ஆரோக்கியமான குழந்தை. அதற்குப் பிறகு நிறையக் குழந்தைகள் அப்படிப் பிறந்திருக்கின்றன, ஆனாலும் நார்மல் கருவைவிட ஒட்டுவது குறைவு, கலைவது கூடுதல் என்றும் ஒளிக்காமல் சொன்னார்.

ஒட்டியது. இரத்தத்தில் பார்க்கும் என்ஐபிடி மட்டும் போதாது, பனிக்குட நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். 15 வாரம் முடியும்வரை காத்திருந்து அம்னியோ செய்தோம். அந்த ரிசல்ட் வரும்வரை யாரிடமும் நான் கர்ப்பம் என்று சொல்லவே இல்லை. நார்மல். மகள் இப்போது பக்கத்து அறையில் என் செருப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். எல்லோருக்கும் இப்படி அமையும் என்று சொல்லமாட்டேன். "அழித்துவிடலாம்" என்ற காகிதத்தில் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள், அவ்வளவுதான்.

* * *

ஆண்கள் எழுதலாமா தெரியவில்லை, எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது எல்லாமே கோளாறு என்று வந்தது. என் மனைவிக்கு 43. ரிப்போர்ட்டை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார்கள், பேச ஆள் இல்லை. அவள் அலுவலகத்தில் இருந்தபோது போனில் திறந்து பார்த்துவிட்டாள். இனி போகிறவர்கள் தயவுசெய்து முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: ரிசல்ட்டை நேரில்தான் சொல்ல வேண்டும், இருவரும் இருக்கும்போது.

பிறகு வேறு ஒரு பெண்ணின் தானமாகப் பெற்ற முட்டைக்குப் போவதா, நிறுத்துவதா என்று பேசினோம். டெஸ்ட் இல்லாமல் ஒவ்வொரு கருவாக வைத்துப் பார்த்திருந்தால் அந்தப் பேச்சுக்கு வரவே இன்னும் ஒரு வருடம் போயிருக்கும். அந்த வகையில் டெஸ்ட் உதவியது. சந்தோஷமாகச் சொல்லவில்லை. நாங்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை.

* * *

எழுதிய எல்லோருக்கும் நன்றி. அண்ணா, தாராளமாக எழுதுங்கள், ரிசல்ட்டை நேரில் சொல்லச் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை.

தனியாகச் சிலர் கேட்டிருந்தீர்கள், இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். நார்மல் என்று வந்த கரு ஏன் ஒட்டவில்லை என்று ஒரு தங்கை கேட்டாள். குரோமோசோம் எண்ணிக்கை சரி என்பது ஒரு தடை நீங்கியது, அவ்வளவே. கருவிலேயே இந்த டெஸ்டுக்குத் தெரியாத விஷயங்கள் உண்டு, கருப்பைப் பக்கம் காரணங்கள் உண்டு. நான் மேலே எழுதிய 2019 ஆய்விலும் நார்மல் கரு வைத்தவர்களில் பாதிப் பேர்தான் 20 வாரம் தாண்டினார்கள்.

குடும்பத்தில் பரம்பரை நோய் இருக்கிறது, இதிலேயே தெரிந்துவிடுமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். தெரியாது. ஒற்றை மரபணுக் கோளாறுக்குப் பிஜிடி-எம் என்று வேறு டெஸ்ட். அதற்கு முதலில் கணவன் மனைவி இருவரின் இரத்தத்தையும், சில சமயம் பெற்றோரின் இரத்தத்தையும் எடுத்து, அந்தக் குடும்பத்துக்கென்றே தயார் செய்ய வேண்டும். ஊசி ஆரம்பிப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், முட்டை எடுத்த பிறகு சொன்னால் தாமதமாகும்.

டெஸ்ட் செய்த கரு ஒட்டிய பிறகு கர்ப்பகாலப் பரிசோதனைகளை விட்டுவிடலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. விட வேண்டாம். பார்த்தது நஞ்சுக்கொடியாகப் போகும் சில செல்களைத்தான். எனக்கும் 10 வாரம் தாண்டியதும் என்ஐபிடி எடுத்தார்கள், பிறகு வழக்கமான ஸ்கேன் எல்லாம் நடந்தது. என் கோப்பில் "பிஜிடி-ஏ செய்த கரு" என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தும், ஸ்கேன் டாக்டர் ஒருவர் என் வயதைப் பார்த்துவிட்டுத் திரும்பத் திரும்ப ரிஸ்க் என்றே பேசிக்கொண்டிருந்தார். கரு ரிப்போர்ட்டின் நகல் ஒன்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.